குடை காணாமல் போகிறது

“அப்பா, நாம விளையாடாதப்போ அந்த அக்கா என்ன பண்ணுவாங்க?”

ஷின்ஷினுக்கு ஆறு வயது. எதிரே டிவி திரையில் ஓடிய கேமில், மழை பெய்யும் துறைமுகத் தெரு ஒன்றில், சிங்யு என்ற பெண் குடையோடு நின்றுகொண்டிருந்தாள். அந்த கேமுக்குக் கதை எழுதிய அப்பா ரென்ஜே சோபாவில் படுத்து முக்கால் தூக்கத்தில் இருந்தார்.

“சும்மா நிப்பாங்க.”

“எவ்ளோ நேரம்?”

“நாம திரும்பி வர்ற வரைக்கும்.”

“கால் வலிக்காதா?”

ரென்ஜே கண்ணைத் திறந்தார். பாதி ஆயுளை கேம்களுக்குக் கதை எழுதியே கழித்தவர். இந்தக் கேள்வி அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

சமையலறையிலிருந்து மனைவி யாலிங் குரல் கொடுத்தாள். “அவ கால் கிடக்கட்டும். அந்தக் கோயில் குடையை எப்பத் திருப்பிக் குடுக்கப் போறீங்க? வசந்த காலத்துல எடுத்துட்டு வந்தது.”

“நாளைக்கு.”

“இதையே தேர்த் திருவிழா அன்னைக்கும் சொன்னீங்க.”

கீலுங் என்ற அந்தத் துறைமுக ஊரில் மழை விருந்தாளி இல்லை, வீட்டு ஆள். அதனால் கோயில் வாசலில் ஒரு பெரிய வாளி நிறைய மஞ்சள் குடைகள் வைத்திருப்பார்கள். நனைகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம். யார் எடுத்தார், யார் வைத்தார் என்று ஒருவரும் பார்ப்பதில்லை. எடுத்தவர் கொண்டுவந்து வைப்பார் என்ற நம்பிக்கையில் வாளி நிற்கிறது. எப்படியோ அது காலியாவதும் இல்லை. ரென்ஜே எடுத்த குடை மட்டும் அவருடைய அலுவலகக் கதவில் மாதக்கணக்கில் தொங்கிக்கொண்டிருந்தது.

மகளின் கேள்வியை அவர் மறுநாள் அலுவலகத்தில் ஆஹுங்கிடம் கொண்டுபோனார். ஆஹுங் ப்ரோக்ராம் எழுதுகிறவன். எதையும் மறுக்க மாட்டான், எதையும் முழுதாகக் கேட்கவும் மாட்டான்.

“கன்ட்ரோலரைக் கீழ வெச்சா சிங்யு பொம்மை மாதிரி நிக்கிறாப்பா. எதையாவது பண்ண வை.”

“எதைண்ணே?”

“மனுஷங்க பண்றதை.”

“சரிண்ணே,” என்றான், காதிலிருந்து பாட்டைக் கழற்றாமலே. சாப்பாட்டுக்குக் கிளம்புவதற்குள் ஏதோ செய்து முடித்துவிட்டான். என்ன செய்தான் என்று ரென்ஜே கேட்கவில்லை. பிறகு இருவருமே அதை மறந்துபோனார்கள்.

அந்த வாரத்திலிருந்துதான் குடை காணாமல் போகத் தொடங்கியது.

கோயில் குடை இல்லை, சிங்யுவின் குடை. கதையின் தொடக்கத்தில், மீன் உருண்டை சூப் விற்கும் பெண் ஒருத்தி அதை அவளுக்குக் கொடுப்பாள். “நனையாம போ, கண்ணு. இந்தப் பக்கம் வரும்போது குடுத்தா போதும்.” அந்தக் குடையோடுதான் சிங்யு காணாமல் போன தம்பியை ஊர் முழுக்கத் தேடுகிறாள். நனைந்தால் அவள் தெம்பு குறையும். திருப்பிக் கொடுக்கும் காட்சி எதையும் ரென்ஜே எழுதவில்லை. அது ஒரு பேச்சுக்குப் போட்ட வசனம்.

விளையாடிப் பார்க்க வரும் கல்லூரிப் பிள்ளைகள் முறையிட்டார்கள்.

“பாத்ரூம் போயிட்டு வந்தேன். குடையைக் காணோம்.”

“நூடுல்ஸுக்கு வெந்நீர் ஊத்தப் போனேன். வந்து பார்த்தா தொப்பலா நிக்கிறா.”

ஆஹுங் கன்ட்ரோலரைக் கையில் பிடித்தபடி ஒரு மத்தியானம் முழுக்கத் திரையை முறைத்தான். குடை இருந்த இடத்திலேயே இருந்தது.

“நான் பார்க்கும்போது போக மாட்டேங்குதுண்ணே. என்னைக் கண்டா பயம் போல.”

நிறுவனத்தை நடத்தும் காவ் வேறு இடத்தில் தேடினார். அவர்கள் ஊர் அலுவலகங்களில் கம்ப்யூட்டர் மேல் பச்சை நிற நொறுக்குத் தீனிப் பொட்டலம் ஒன்று வைத்திருப்பார்கள். வைத்தால் மிஷின் சமர்த்தாக இருக்கும். காவ் அதை எடுத்தார். காற்றாக இருந்தது.

“யாருடா இதைத் தின்னது?”

“அடியில கொஞ்சம்தான் இருந்துச்சு,” என்றான் ஆஹுங்.

“சாமிக்கு வெச்சதைத் தின்னுட்டு மிஷின் சரியில்லைன்னு சொல்றான்.” காவ் தானே படியிறங்கிப் போய்ப் புதுப் பொட்டலம் வாங்கி வந்து வைத்தார். குடை தொடர்ந்து காணாமல் போயிற்று.

அதற்குள் பெரிய இடி ஒன்று விழுந்தது. பணம் போடும் தைபே நிறுவனத்திலிருந்து ஹோ மேடம் போனில் பேசினார்.

“ஊர் நல்லா இருக்கு. மழை நல்லா இருக்கு. அந்தப் பொண்ணுகிட்டதான் உயிரே இல்ல. அடுத்த வெள்ளிக்கிழமை வர்றேன். அப்பவும் இப்படியே இருந்தா நாங்க விலகிக்கிறோம்.”

விலகினால் அலுவலகத்தை மூட வேண்டியதுதான். காவ் வீட்டை அடகு வைத்திருந்தார். ரென்ஜேக்கு மச்சானின் இறால் குளிர்கிடங்கில் ஒரு வேலை எப்போதும் காத்திருந்தது. மச்சான் அதை ஒவ்வொரு புத்தாண்டு விருந்திலும் நினைவுபடுத்துவான்.

“அழ வைங்க,” என்றார் காவ். “துக்கம் இருந்தா உயிர் வந்துரும்.”

ரென்ஜே சிங்யுவின் தாயைக் கொன்றார். போதவில்லை என்று தகப்பனையும் படகோடு மூழ்கடித்தார். விளையாடிய மாணவி கொட்டாவி விட்டாள்.

“நான் விளையாடுற எல்லாத்துலயும் பொண்ணுங்களுக்கு அம்மா செத்துடுறாங்கண்ணே. ஒரு அம்மாவையாவது விட்டு வைங்க.”

“அப்போ பலம்,” என்றார் காவ். “இந்தக் காலத்துப் பொண்ணு. யாருக்கும் அடங்கக் கூடாது.”

மறுநாள் சிங்யு ஓர் உதையில் துறைமுகக் கதவைப் பெயர்த்தாள். அடுத்த உதையில் வில்லன் முதல் சந்திலேயே விழுந்தான். சூப் ஆறுவதற்குள் கதை முடிந்துவிட்டது.

“வாய்,” என்றார் காவ், குரல் கம்மி. “நறுக்குன்னு பேசணும்.”

சிங்யு நறுக்கென்று பேசினாள். விளையாடுகிறவரைப் பார்த்தே, “பட்டனை இப்படிப் போட்டு அமுக்கறியே, உன் வீட்டுல கதவையும் இப்படித்தான் தட்டுவியா?” என்றாள். ஒரு பையன் அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு மிஷினை அணைத்தான். அப்புறம் வரவே இல்லை.

படம் வரைகிற ஷியாவ்மான்தான் அங்கே ஒரே பெண். ரென்ஜே தயங்கித் தயங்கி அவள் மேசைக்குப் போனார்.

“ஷியாவ்மான், பொதுவா பொண்ணுங்க எப்படி…”

“எல்லாப் பொண்ணுங்களுக்கும் நான் சங்கத் தலைவியாண்ணே?” அவள் பேனாவை வைத்தாள். “அழு, அடி, திட்டுன்னு நீங்களே மாத்தி மாத்திச் சொல்றீங்க. அவளுக்கு என்ன வேணும்னு யாராவது கேட்டீங்களா?”

நல்ல கேள்வி. ரென்ஜே அதை மிக நன்றாகவே எடுத்துக்கொண்டார். சிங்யுவுக்குச் சொந்தப் புத்தி கொடுத்தார். இனி எதையும் அவளே முடிவு செய்வாள். வியாழக்கிழமை ஆஹுங் கேமை ஓடவிட்டான். சிங்யு வீட்டு வாசலுக்கு வந்தாள், வானத்தைப் பார்த்தாள், உள்ளே போய்ப் போர்த்திக்கொண்டு படுத்தாள்.

“ஏன் போக மாட்டேங்கிறா?”

“மழை பெய்யுதாம்.”

“எப்ப நிக்கும்?”

“நிக்காதுண்ணே. நிக்காத மழைன்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க.”

காவ் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். “எல்லாத்தையும் தூக்குங்க. அம்மா சாகறது, உதை, வாய், புத்தி, எதுவும் வேணாம். மேடம் போன் பண்ணினப்போ இருந்த மாதிரியே ஆக்கிடுங்க. மானத்தோட தோத்துடலாம்.”

“குடை காணாமப் போகுமே?”

“போகட்டும். அவங்க பாத்ரூம் போகாம இருந்தாச் சரி.”

வெள்ளிக்கிழமை ஹோ மேடம் வந்தார். குட்டையாக வெட்டிய நரை முடி, நனைந்த காலணி. சிரிக்கவில்லை. தேநீரை வாங்கிக்கொண்டு கன்ட்ரோலரை எடுத்தார். சிங்யு குடையை வாங்கினாள், இரண்டு தெரு நடந்தாள். மேடத்தின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

போன் அடித்தது.

“மன்னிக்கணும். எங்க அக்கா.” கன்ட்ரோலரை மேசையில் வைத்துவிட்டு, கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு பால்கனிக்குப் போனார்.

நேரம் ஓடியது. அவர் வரவில்லை.

“முடிஞ்சுது,” என்று காவ் முணுமுணுத்தார். “ரெண்டு தெருவுக்கு மேல போகல.”

விருந்தாளியை முறைத்துக்கொண்டு நிற்பது மரியாதையில்லை என்று நால்வரும் சமையல் மூலைக்கு ஒதுங்கினார்கள். அங்கே, அன்னாசிப் பழக் கேக்கைத் தட்டில் அடுக்கியபடி, தப்பு யாருடையது என்று கிசுகிசுவென்று சண்டை போட்டார்கள். தின்ற பொட்டலம் மறுபடி பேச்சில் வந்தது. செத்த அம்மாவும் வந்தாள். ரென்ஜே மட்டும் குளிர்கிடங்கில் கையுறை கொடுப்பார்களா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

தட்டோடு அவர்கள் திரும்பியபோது மேடம் திரைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்.

“குடையைக் காணோமே,” என்றார்.

காவ் குனிந்தார். “தெரியும் மேடம், பழைய பிழை. ரெண்டே நாள்ல சரி பண்ணிருவோம்.”

“ஒரு நாள்லயே,” என்றான் ஆஹுங்.

“முழுக்க என் தப்பு,” என்றார் ரென்ஜே.

“பிழையா?” மேடம் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். “எங்க அக்கா பேசினது கொஞ்ச நேரம்தான். உள்ள வரலாம்னு திரும்பினேன். இவ அசைஞ்சா. சரி, என்னதான் பண்றான்னு கதவுக்கு வெளியவே நின்னு பார்த்தேன். நான் வரலைன்னு தெரிஞ்சதும் வந்த வழியே திரும்பிப் போனா. அந்த சூப் கடை வாசல்ல குடையைச் சாத்தி வெச்சா. கடைக்காரம்மா முதுகைக் காட்டிக்கிட்டுப் பாத்திரம் கழுவிக்கிட்டிருந்தாங்க. அவங்களைக் கூப்பிடக்கூட இல்ல. மழையில நனைஞ்சுக்கிட்டே ஓடி வந்து, நான் விட்டுட்டுப் போன இடத்துலயே நின்னுக்கிட்டா. குடை காணாமப் போகலைங்க. திருப்பிக் குடுத்துட்டு வந்தா.”

காவின் கையில் கேக் தட்டு சாய்ந்துகொண்டே போனது. ஷியாவ்மான் அதை நிமிர்த்தினாள்.

“என் மேசைக்கு வர்ற கேம் பொண்ணுங்க எல்லாம்,” என்றார் மேடம், “எனக்கு எதிர்ல அழறாங்க, எனக்கு எதிர்ல சண்டை போடறாங்க. நான் எந்திரிச்சுப் போனா நின்னுடறாங்க. நான் பார்க்கணும்னு இல்லாம ஒண்ணு பண்ணினவ இவதான். யாரு எழுதினது?”

நால்வரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கடைசியில் ஆஹுங், வகுப்பில் மாட்டிக்கொண்டவனைப் போலக் கையைத் தூக்கினான்.

“எதையாவது பண்ண வைன்னு அண்ணன் சொன்னாரு. எனக்குச் சாப்பாட்டு நேரம் ஆயிருச்சு. அதனால அண்ணன் ஊர்க்காரங்களுக்கு எழுதி வெச்சிருந்த பழக்கத்தை அப்படியே இவளுக்கும் போட்டுட்டேன். வேலை இல்லாதப்போ, பசிச்சா சாப்பிடு, வாங்கினதைத் திருப்பிக் குடு, அப்புறம் உன் இடத்துக்கு வந்து நில்லு. அவ்வளவுதான் மேடம்.”

ரென்ஜேக்குக் காது சூடாயிற்று. தெருவில் போகிற வருகிற ஒவ்வொருவருக்கும் மனுஷ குணம் எழுதியவர், நடுவில் நின்றவளுக்கு மட்டும் எழுத மறந்திருந்தார். அவள் அதை ஊராரிடமிருந்து வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

“ஆனா நனைஞ்சா தெம்பு குறையுமே மேடம்,” என்றார் காவ். “விளையாடறவங்க கோபப்படுவாங்க.”

“மறுபடி அந்தம்மாகிட்டப் போய்க் கேட்டுக்கறேன். இல்லைன்னா சொல்லப் போறாங்க?” ஹோ மேடம் ஒரு கேக்கை எடுத்துக்கொண்டார். “மத்ததை எல்லாம் பேசிக்கலாம். இந்த ஒண்ணை மட்டும் திருத்திடாதீங்க.”

சாயங்காலம் எல்லோரும் கிளம்பிய பிறகு ரென்ஜே கதவுக் கொக்கியிலிருந்த மஞ்சள் குடையை எடுத்தார். தூறலில் அதை விரித்துப் பிடித்துக்கொண்டு கோயில் வரை நடந்தார். வாசலில் ஆளில்லை. உள்ளே தூரத்தில் யாரோ மணி அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் குடையை மடக்கி, நீரை உதறி, நாடாவைச் சுற்றிப் பொத்தான் போட்டு, வாளியில் மற்ற குடைகளின் நடுவே செருகினார். ஒருமுறை தலை குனிந்தார்.

படியில் இறங்கியதும் மழை வலுத்தது. ரென்ஜே திரும்பி வாளியைப் பார்த்தார். கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. பிறகு தலைமேல் பையை வைத்துக்கொண்டு ஓடினார்.

யாலிங் கதவைத் திறந்தாள். தரையில் சொட்டும் நீரைப் பார்த்தாள், காலியான கையைப் பார்த்தாள்.

“குடை எங்க?”

“எங்கிட்ட இல்ல.”

“சாமி குடையையும் தொலைச்சாச்சா? உங்களை நம்பி ஒரு குடையைக்கூடக் குடுக்க முடியாது.”

ரென்ஜே துண்டை வாங்கித் தலையைத் துவட்டிக்கொண்டார்.