மொத்தத்தில் நல்ல நடை

நனைந்த போர்வையின் ஒரு முனையைக் குழாயில் மாட்டி, மறுமுனையை முறுக்கிப் பிழிந்துகொண்டே அவள் குரல் கொடுத்தாள்.

"கிளம்புங்க. இன்னைக்காவது அந்தக் கணுக்கால் பட்டையை வாங்கிட்டு வந்துடலாம்."

கணவன் பெயின்டர். ஏணியிலிருந்து விழுந்ததிலிருந்து இடது கணுக்கால் தரையை உந்த மறுத்தது. "பட்டை மாட்டிட்டு வந்தா வேலை, இல்லேன்னா வேற ஆள்" என்று மேஸ்திரி கறாராகச் சொல்லிவிட்டார். பட்டை தருவது நடை மதிப்பீட்டுத் துறை.

அங்கே இடுப்பு, முழங்கால், கணுக்கால் எல்லாவற்றிலும் பளபளக்கும் பொட்டு ஒட்டி, இரும்புத் தகட்டின் மேல் நடக்கவிட்டார்கள். எந்த மூட்டு எவ்வளவு திரும்புகிறது, எந்தத் தசை எவ்வளவு உந்துகிறது என்று திரையில் கோடுகள் ஓடின.

"கணுக்கால்ல உந்துதல் சுத்தமா இல்லை" என்றார் அதிகாரி.

"அதுக்குத்தான் சார் பட்டை."

"அவசரப்படாதேம்மா. இடுப்பு ரெண்டு மடங்கு இழுக்குதே! கூட்டிப் பார்த்தா மொத்தம் சரியா வருது. துறைக்கு மொத்தம்தான் முக்கியம்."

"அப்படி இழுக்குறதாலதான் சார் சாயந்தரமானா இடுப்பு விட்டுப்போகுது."

"வலிக்கு எங்க திரையில கோடு இல்லையேம்மா."

அத்தோடு விட்டார்களா? ஓர் உறுப்பு சும்மா இருக்க, இன்னோர் உறுப்பு முணுமுணுக்காமல் அதன் வேலையையும் பார்ப்பதே உன்னத நிர்வாகம் என்று மேலிடம் கண்டுகொண்டது. ஊழியர் யாவரும் இனி அவ்வாறே நடக்கக் கடவர் என ஆணை பிறந்தது. அதிகாரிகள் இடது காலை இழுத்து, இடுப்பை வெட்டி வெட்டி நடந்தார்கள். அதைப் பார்த்துக் கல்லூரிப் பிள்ளைகளும் நடந்தார்கள். செருப்புக் கடையில் இடது செருப்பை முன்கூட்டியே தேய்த்து, கூடுதல் விலைக்கு விற்றார்கள்.

சீக்கிரமே துறை முழுக்க இடுப்பு வலி. கையிருப்பில் இருந்த பட்டைகள் அனைத்தும், ஊழியர் நலன் கருதி, ஊழியர்களுக்கே வழங்கப்பட்டன. கணவனுக்கு 'நடை முன்னோடி' என்று ஒரு கேடயம் கிடைத்தது. மேஸ்திரி சொன்ன சொல் தவறவில்லை. வேற ஆளாக அவளையே ஏணியில் ஏற்றினார்.

அன்று சுவருக்குப் பெயின்ட் அடித்துவிட்டு வந்து, உலை வைத்து, பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்:

"ஏங்க, பாப்பாவையாவது கொஞ்சம் பார்த்துக்கக் கூடாதா? கணுக்கால்தானே வராது, கை வருமில்ல?"

அவன் கேடயத்தைத் துடைத்தபடி சொன்னான்: "ஏன் அலுத்துக்குற? வீட்டுல எந்த வேலையாவது நின்னுச்சா? மொத்தம் சரியாத்தானே வருது."

மாமியார் ஆமாம் என்று தலையாட்டினாள். எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு அண்ணனும் ஆட்டினார்.

உரக்கப் பேசியறியாத அவள் தேய்த்துக்கொண்டிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"மொத்தம்தான் முக்கியம்னா, நாளையிலேர்ந்து இந்த வீட்டுல சும்மா உட்காரப்போற உறுப்பு..."

கழிப்பறையிலிருந்து பாப்பாவின் குரல் வந்தது: "அம்மா, ஆயிடுச்சு! கழுவி விடு!"