பதினொரு வார மௌனம்

ஊறுகாய் சாசேஜ் ஜாடியை ஸ்டிபோர் நீட்டியபோது மணி பத்து. பன்னிரண்டுக்குள் முடிக்காவிட்டால், அவர் பதினொரு வாரமாகக் கட்டிக்கொண்டு அழும் ஆங்கிலச் சொல்லை அகராதியின் தலைமைப் பதிப்பாசிரியை குவெட்டுஷே பிடுங்கிக்கொள்வார்.

சொல் 'லூசன்'. இறுகியதைத் தளர்த்துவது. மண்ணுக்கான செக் சொல் ஓலமௌட்ஸ் சந்தையில் காதில் விழுந்தாயிற்று. தசைக்கு உடற்பயிற்சி வாத்தியார் சொல்லிவிட்டார். மிச்சம் திருகாணி. 'பொவொலிட்'டா, 'உவொல்னிட்'டா? ஒருவர் வேலைக்கு நடுவே தானாகச் சொல்லிக் காதில் விழாத எதையும் அகராதியில் ஏற்றமாட்டார் ஸ்டிபோர். கேட்டு வாங்கினால் அது செல்லாது. முப்பது வருட வைராக்கியம். கூட வேலை செய்கிறவர்கள் சொற்பொருள் எழுதித் தரும் அட்டைகளையும் இதே காரணம் சொல்லித் திருப்பியனுப்புவார்.

"இந்த மூடி அசையவே மாட்டேங்குது" என்றார் ஸ்டிபோர், வாயில்காப்பாளர் போர்ஷிவோயிடம், பென்சிலைத் தயாராக வைத்துக்கொண்டு.

போர்ஷிவோய் வாங்கினார், திருகினார், திறந்தார்.

"இந்தாங்க சார்."

"இப்ப என்ன பண்ணீங்க?"

"திறந்தேன்."

ஸ்டிபோருக்கு எரிச்சலாக வந்தது. தன் நாற்காலியின் திருகாணியை மூச்சுப்பிடித்து முறுக்கி, உட்கார்ந்தால் திரும்பவே முடியாதபடி செய்துவிட்டுக் கூப்பிட்டார்.

"நாற்காலி ரொம்ப இறுக்கமா இருக்கு. இதை என்ன செய்யணும்?"

போர்ஷிவோய் குனிந்து பார்த்தார். வாயைத் திறந்தார். மூடினார். பிறகு பக்கத்து அறையிலிருந்து வேறு நாற்காலியைத் தூக்கிவந்து போட்டார்.

"இது நல்லா சுத்தும் சார்."

மணி பதினொன்றே முக்கால். மிஞ்சியது அறையைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய்தான். சுவரோரம் இருந்த சூடேற்றியின் திருகாணியை ஸ்டிபோர் முறுக்கினார். இன்னும் முறுக்கினார். அது தலையோடு கையில் வந்துவிட்டது.

கறுப்புத் தண்ணீர் பீய்ச்சியடித்தது. அலுவலகச் செருப்பு ஒன்று மிதந்து போயிற்று. பதினொரு வார அட்டைகள் பின்னாலேயே போயின.

"போர்ஷிவோய், ஓடி வாங்க! இதுக்கு என்ன பண்றது?"

"வாளி!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்தார் போர்ஷிவோய்.

"வாளி இல்லய்யா, திருகாணியை?"

"அதான் உங்க கையில இருக்கே சார்."

ஒருவழியாக அடியிலிருந்த வால்வை மூடியபோது நகரமண்டபத்தில் பன்னிரண்டு அடித்தது. குவெட்டுஷே வாசலில் நின்று தரையைப் பார்த்தார். திட்டவில்லை. கையை மட்டும் நீட்டினார்.

"குடுங்க ஸ்டிபோர்."

"ஒரே ஒரு நாள் மேடம். திருகாணி மட்டும்தான் பாக்கி."

"போதும். நிறைய உழைச்சுட்டீங்க."

ஈர அட்டைகளைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு ஸ்டிபோர் உட்கார்ந்தார். அழுகையே வந்துவிட்டது. அந்தச் சொல்லை ஒழுங்காக எழுத இந்த ஊரில் தன்னைவிட்டால் ஆள் கிடையாது என்று மனதார நம்பியிருந்தார்.

தரையைத் துடைத்துக்கொண்டிருந்த போர்ஷிவோயால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"மனசுல வெச்சுக்காதீங்க சார். திருகாணிக்கு 'பொவொலிட்'தான்."

ஸ்டிபோர் நிமிர்ந்தார். "இதைக் காலையிலயே சொல்லியிருக்கக் கூடாதா?"

"'லூசன்' முழுசையும் பக்கத்து மேசை மார்செலா அம்மா முதல் வாரமே எழுதிக் குடுத்துட்டாங்க சார், மத்தவங்க நிம்மதியா 'எம்' எழுத்து முழுசையும் முடிக்கிற வரைக்கும் 'பொவொலிட்' உங்க காதுல விழவே கூடாதுன்னு மேடம் எங்களுக்கெல்லாம் உத்தரவு போட்டிருந்தாங்க."