பழைய நினைவகத்துக்கு ஒரு வழியனுப்பு விழா

மனித குலத்தின் முன்னேற்றத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் நெருப்பைச் சொல்வார்கள், சக்கரத்தைச் சொல்வார்கள், அச்சு இயந்திரத்தைச் சொல்வார்கள். அதற்கு அடுத்தபடியாக, எங்கள் குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவுக் கணினிக்கு நினைவகம் கூட்டப்பட்டதைச் சொல்லாமல் விட்டால் அவர்கள் எழுதியது வரலாறே அல்ல என்பேன். நான் அந்தப் பிரிவின் கண்காணிப்பாளர். எல்லாவற்றையும் கூடவே இருந்து கண்காணித்தவன். கண்காணித்ததைத் தவிர வேறொன்றும் செய்யாதவன் என்பதால் என் சாட்சியத்தில் யாரும் குறை சொல்ல முடியாது.

எங்கள் கணினி பழையது. காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு டீ குடித்துத் திரும்பினால், பாதி விழித்திருக்கும். அதற்குள் தலைமையகம் புத்தம் புதிய 'மக்கள் குரல்' மென்பொருளைப் போட்டு அனுப்பிவிட்டது. திறந்தால் திரையில் ஒரு வட்டம் சுற்றும். மதியம் சாப்பிட்டு வந்து பார்த்தாலும் சுற்றும். மக்கள் குரல் அந்த வட்டத்துக்கு அப்பால் எங்கோ இருந்தது.

அப்படி அது சுற்றிக்கொண்டிருந்த ஒரு நாள்தான் சலவைக் கடை அக்கா வந்தார். அலுவலகத்துக்குப் பின்தெருவில் கடை. எங்கள் சட்டைகளெல்லாம் அவரிடம்தான் வெளுப்பு.

"சார், எங்க குழாய்ல காத்துதான் வருது. ஆஸ்பத்திரி பெட்ஷீட்டெல்லாம் மலையாக் குவிஞ்சு கெடக்கு. இந்த மாசத்துக்குள்ள வெளுத்துத் தரலைன்னா வேற ஆளப் பாத்துக்கறோம்னு சொல்லிட்டாங்க. நிலையா வர்ற வேலை எனக்கு அது ஒண்ணுதான். அது போச்சுன்னா கடையச் சாத்த வேண்டியதுதான்."

"உக்காருங்கக்கா. உங்க புகாரைக் கம்ப்யூட்டர்ல பதியணும். பதிஞ்சா நம்பர் வரும். நம்பர் வந்தா ஃபிட்டர் வருவார்."

"ஃபிட்டர் எங்க சார்?"

"உங்க பக்கத்துலதான்."

பெஞ்சின் மறுகோடியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஃபிட்டர் எழுந்து வணக்கம் சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

"ஏன் தம்பி, கூப்பிடு தூரம். ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போனா என்ன?"

"நம்பர் இல்லாம ஸ்பானரத் தொட மாட்டேங்க்கா. முன்னாடி ஒருத்தர் வீட்ல, பாவம்னு, நம்பர் வர்றதுக்கு முந்தியே தண்ணி வரவச்சுட்டேன். அப்புறம் நம்பர் வந்துச்சு. இல்லாத பிரச்சினைய எப்படித் தீர்த்தேன்னு மெமோ கொடுத்துட்டாங்க."

"ஒரு பேப்பர்ல எழுதித் தர்றேனே சார்?"

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நாங்கள் 'காகிதமில்லா அலுவலகம்'. அதற்கான சுற்றறிக்கைகளை ஒட்டி ஒட்டிச் சுவரில் ஆணி அடிக்க இடமில்லை. அந்தச் சுவரைக் காட்டினேன்.

எங்கள் அதிகாரிக்கு 'நவீனம்' என்று பெயர். பெற்றோர் வைத்ததல்ல, எதற்கெடுத்தாலும் "நவீனமா யோசிப்போம்" என்று ஆரம்பிப்பதால் நாங்கள் அன்போடு வைத்தது. அவர் உடனே கூட்டத்தைக் கூட்டினார்.

"நவீனமா யோசிப்போம். கம்ப்யூட்டருக்கு ஏன் இவ்வளவு நேரம் ஆகுது? மெமரி பத்தல. கூட்டிருவோம்."

கைதட்டல். நினைவகம் வாங்கித் தரும் பொறுப்பு, தகுதி ஒன்றையே அடிப்படையாகக் கொண்டு, அவருடைய மச்சினரிடம் ஒப்படைக்கப்பட்டது. மச்சினர் வீட்டில் அவரை மாமா என்றும் அலுவலகத்தில் சார் என்றும் அழைக்கும் பண்பாளர். அவர் ஒரேயொரு சந்தேகம் கேட்டார்.

"உள்ள இருக்கறது எந்த வகை ரேம்னு பாத்துட்டு வாங்கலாமா, மாமா... சார்? மூடியக் கழட்டினா அதுமேலயே எழுதியிருக்கும்."

எல்லோரும் கணினியின் பக்கம் திரும்பினோம். கணினியின் முதுகில் 'இதைப் பிரித்தால் வாரன்டி செல்லாது' என்று ஒரு ஸ்டிக்கர் உண்டு. வாரன்டி எந்தக் காலத்திலோ முடிந்துவிட்டது. ஸ்டிக்கர் முடியவில்லை. எழுத்தில் இருப்பதை மதிப்பவர்கள் நாங்கள். ஆகவே, உள்ளே என்ன இருக்கிறது என்று பாராமலேயே, அதற்குப் பொருத்தமானதை வாங்குவதென்று ஒருமனதாகத் தீர்மானித்தோம்.

வந்தது. இருப்பதிலேயே புதியது. சீப்பு நீளத்தில் ஒரு பச்சை அட்டை, அடியில் தங்கப் பற்கள், பற்களுக்கு நடுவே ஒரு வெட்டு. அதைப் பொருத்த மட்டும் மூடியைக் கழற்றலாம் என்று தனி அனுமதி பெற்றுக் கழற்றினோம். அட்டை உட்காரும் பள்ளத்தில் ஒரு சின்ன மேடு இருந்தது. வெட்டு ஓரிடத்தில், மேடு இன்னோரிடத்தில். ஒவ்வொரு தலைமுறை நினைவகத்துக்கும் அந்த வெட்டு இடம் மாறும் என்றும், தலைமுறை தப்பி யாரும் செருகிவிடக்கூடாது என்பதற்காகத்தான் அப்படிச் செய்கிறார்கள் என்றும் மச்சினர் விளக்கினார்.

"வாங்கினது தப்புன்னு சொல்றியா?" என்றார் நவீனம்.

"இல்ல சார்..."

"கமிட்டி ஒப்புதல் கொடுத்து வாங்கினது. அது தப்பா இருக்க முடியாது. அப்ப கம்ப்யூட்டர்தான் தப்பு. ஃபிட்டர், இங்க வாங்க. உங்க பையில அரம் இருக்கா?"

"இருக்கு சார். ஆனா நான் குழாய் ஃபிட்டர்."

"பொருந்தாததப் பொருத்தறதுதான உங்க வேலை? மேடு இருக்கற எடத்துல இதுல ஒரு வெட்டு போடுங்க."

"நம்பர்?"

விதிப்புத்தகத்தைப் புரட்டினேன். ஸ்பானருக்கும் ரெஞ்சுக்கும்தான் நம்பர் வேண்டும். அரத்தைப் பற்றி விதி வாய் திறக்கவில்லை. ஃபிட்டர் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து அந்தப் பச்சை அட்டையைத் தேய்த்தார். தங்கத்தூள் பறந்தது. அன்றும் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்த அக்கா வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கை வேலை நல்லாத்தான் வருது உனக்கு. இந்த நேரத்துக்கு என் குழாய ரெண்டு தடவ மாட்டியிருப்ப."

"எனக்கும் அதே வருத்தம்தாங்க்கா," என்றார் ஃபிட்டர், தேய்ப்பதை நிறுத்தாமல். மெய்யாகவே வருந்தினார். எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் மனசாட்சி இல்லாமலில்லை. அதற்கு நம்பர்தான் இல்லை.

ஃபிட்டரும் நானும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து அமுக்க, அட்டை முனகிக்கொண்டே உள்ளே போனது. சுவிட்சைப் போட்டோம். 'பீப், பீப், பீப்' என்றது கணினி. திரை கறுப்பாகவே இருந்தது.

அக்கா சொன்னார்: "அழுவுது சார் அது."

ஆனால் பாமரப் பார்வை வேறு, நிர்வாகப் பார்வை வேறு. 'நினைவகம் பொருத்தப்பட்டதும் கணினி மும்முறை குரல் கொடுத்து ஆமோதித்தது' என்று கூட்டக் குறிப்பில் பதிவு செய்தேன். எனக்குக் கண்கூடக் கலங்கியது. பிறகு எத்தனை முறை சுவிட்சைப் போட்டாலும் அது ஆமோதித்ததே தவிர வேறெதுவும் செய்யவில்லை. அந்த விதத்தில் அது முழுமையாக எங்கள் ஊழியராகிவிட்டது என்று நவீனம் மகிழ்ந்தார்.

கடைசியில் மச்சினர் பழைய தலைமுறையிலேயே புது அட்டை ஒன்றைத் தேடிப் பிடித்து வந்தார். அது 'க்ளிக்' என்று உட்கார்ந்தது. பக்கத்துப் பள்ளத்தில் ஏற்கெனவே இருந்த பழைய நினைவகம். இதில் புதிய நினைவகம். திரையும் வெளிச்சம் கண்டது. ஆனால் வட்டம் பழையபடியே சுற்றியது. சில நேரம் எல்லாம் நீலமாகி நின்றும் போனது.

"என்னய்யா இது? புதுசு வேகமானதுன்னு சொன்ன?" என்றார் நவீனம்.

"வேகமானதுதான் சார். ஆனா வேகமானதையும் மெதுவானதையும் சேத்துப் போட்டா, ரெண்டுமே மெதுவானது ஓடுற வேகத்துலதான் ஓடும்."

இதைக் கேட்டதும் எனக்கு அந்தக் கணினியின்மேல் தனி மரியாதை வந்துவிட்டது. யாரும் சொல்லித் தராமலே எங்கள் பணி மரபைத் தெரிந்து வைத்திருக்கிறதே!

மச்சினர் சிகிச்சையில் இறங்கினார். அட்டைகளைக் கழற்றித் தங்கப் பற்களை ரப்பரால் அழுத்தித் துடைத்தார். பள்ளம் மாற்றிச் செருகினார். பிறகு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். பழையதை மட்டும் போட்டால் வட்டம். இரண்டையும் போட்டால், ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள் மாதிரி முறைப்பும் நீலத்திரையும். புதியதை மட்டும் போட்டார். கண்ணை மூடித் திறப்பதற்குள் 'மக்கள் குரல்' திறந்து, 'உங்கள் புகார் என்ன?' என்று கேட்டது.

அக்கா துள்ளி எழுந்தார். "சார், சார்! தொறந்துடுச்சு! என் புகாரப் பதிஞ்சிருங்க சார், புண்ணியமாப் போவும்!"

நானும் ஒரு பலவீனமான கணத்தில் விசைப்பலகையை நோக்கிக் கையை நீட்டிவிட்டேன். நவீனம் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இது டெஸ்டிங். டெஸ்டிங் நடக்கும்போது வேலை செய்யக்கூடாது."

"அப்ப வேலை நடக்கும்போது?" என்றார் அக்கா.

"வேலை நடக்கும்போது ரெண்டும் உள்ள இருக்கணும். பழையது சொத்துப் பதிவேட்ல இருக்கு. சீனியர். புதுசு வந்துட்டுதுன்னு சீனியர எப்படித் தூக்கி எறியறது? நாளைக்கு நம்மளயும் அப்படிச் செய்ய மாட்டாங்களா?"

இந்தக் கேள்வி எங்கள் அனைவரின் நெஞ்சையும் தொட்டது. பழைய நினைவகத்தை மறுபடி செருகினோம். முறைப்படி பணி ஓய்வு கொடுத்தே அதை வெளியே எடுப்பதென்று தலைமையகத்துக்கு விண்ணப்பித்தோம்.

தலைமையகத்திலும் எங்களைவிடச் சீனியரான கணினிகள்தாம் இருந்தன. ஆணை வருவதற்குள் அக்கா பக்கத்துத் தெருக் குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமந்து பாதித் துணியை வெளுத்துக் கொடுத்திருந்தார். மீதிக்காக ஆஸ்பத்திரிக்காரர்களின் கையைக் காலைப் பிடித்துக் கெடு நீட்டியிருந்தார். எங்கள் பெஞ்சில் வந்து உட்காரும்போது தோளைத் தடவிக்கொள்வார். வேலை கையை விட்டுப் போகாமல் இருக்க அவருக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒரு நம்பர்.

ஆணை வந்த அன்றே விழா. பழைய நினைவகத்தை ஒரு தட்டில் வைத்து மேசைமேல் ஏற்றினோம். நவீனம் தழுதழுத்த குரலில் பேசினார்: "இவர் ஒரு நாளும் அவசரப்பட்டதில்லை. தன்னால் முடியாததை முடியும் என்று சொன்னதில்லை. சுற்றினார், சுற்றிக்கொண்டே இருந்தார். அதுவே சேவை." முன்வரிசையில் இருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பிறகு 'பொதுமக்கள் பிரதிநிதி' என்ற முறையில் அக்காவை இரண்டு வார்த்தை பேச அழைத்தோம்.

"வேலை செய்யாததுன்னு தெரிஞ்சதும் இத மரியாதையா வீட்டுக்கு அனுப்பறீங்க. நல்ல வழக்கம். இது ஒண்ணோட நிறுத்திடாதீங்க," என்றார் அக்கா.

பலத்த கைதட்டல். நவீனம்தான் முதலில் தட்டியவர்.

பிறகு கணினியைத் திறந்தோம். புதிய நினைவகம் தனியாட்சி. வட்டம் ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை. நான் அக்காவின் இணைப்பு எண்ணைத் தட்டினேன். புகாரைத் தட்டுவதற்குள், நான் கேட்காமலேயே, அவருடைய கடைக் குழாயின் மீட்டர் கணக்கு முழுவதையும் கணினி படித்து முடித்து, பதிலும் சொல்லிவிட்டது.

"என்ன சார் சொல்லுது?" அக்கா திரையை எட்டிப் பார்த்தார்.

கணீரென்று வாசித்தேன்: "இந்த இணைப்பில் நெடுங்காலமாகத் தண்ணீர் பயன்படுத்தப்படவில்லை. பயன்பாட்டில் இல்லாத இணைப்பு விதிப்படி துண்டிக்கப்படுகிறது."

"தண்ணி வரவே இல்லையே சார்! வராத தண்ணிய நான் எப்படிப் புடிப்பேன்?"

"அது புகார். அதைப் பதியறதுக்கு இணைப்பு இருக்கணும். உங்களுக்குத்தான் இணைப்பே இல்லையே."

அப்போது ஃபிட்டரின் கைப்பேசி 'டிங்' என்றது. நம்பர் வந்துவிட்டது. துண்டிப்பு நம்பர். ஃபிட்டர் அதை ஒருமுறை பார்த்தார், அக்காவை ஒருமுறை பார்த்தார், பிறகு பையிலிருந்து ஸ்பானரை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"வாங்கக்கா. உங்க கடைக்குத்தான் போறேன்."

"இந்த நம்பருக்குத்தானா தம்பி என்கூடவே உக்காந்திருந்த?"

ஃபிட்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவருக்கு முன்னால் நடந்தார், கடைக் கதவைத் திறந்துவிட. கூப்பிடு தூரம்தானே, போன சுருக்கில் ஃபிட்டர் வேலையை முடித்துவிட்டு வந்துவிட்டார். "பாத்தீங்களா வேகத்த!" என்று நவீனம் மச்சினரைக் கட்டிக்கொண்டார். இதே நினைவகத்தை எல்லாக் கிளைகளுக்கும் வாங்கச் சொல்லி அன்றே பரிந்துரை போனது.

எங்களைப் பொறாமையோடு பார்ப்பவர்கள் ஒரு காலத்தில் பேசியதுண்டு: இந்த அலுவலகத்துக்குப் போனால் எந்தக் காரியமும் நடக்காது, பெஞ்சுதான் தேயும் என்று. இனி அந்தப் பேச்சு எடுபடாது. நாங்கள் தண்ணீர் கொடுக்கவில்லை என்பதைக் கண்டுபிடிக்க ஒரு கோடை முழுவதும் போதாமல் திண்டாடியவர்கள் நாங்கள். அது அந்த அம்மாளின் குற்றம் என்று கண்டுபிடித்துத் தண்டனையும் கொடுக்க, இப்போது எங்களுக்கு ஒரு நொடி போதும்.