வெரி குட் வாங்கிய குழாய்

குடிநீர் அலுவலகத்துக்குப் புதிதாக ஓர் அதிகாரி வந்தார். ஊழியர்களின் ஆங்கிலம் கெட்டுக் கிடப்பதால்தான் நிர்வாகம் கெட்டுக் கிடக்கிறது என்று வந்த அன்றே கண்டுபிடித்தார். பொதுநலன் கருதி, அனைவரும் தினமும் ஆங்கிலத்தில் டைரி எழுதி, சிவப்பு மையில் திருத்தம் பெற்ற பிறகே மற்ற வேலையைத் தொட வேண்டும் என்று ஆணை பிறந்தது.

இந்த மறுமலர்ச்சி எனக்குத் தெரியாது. மூலையிலிருக்கும் எங்கள் வீட்டில் மட்டுமல்ல, தெருவில் எந்தக் குழாயிலும் காற்றைத் தவிர வேறெதுவும் வருவதில்லை, அது மட்டும் தெரியும். அடுத்த தெருவிலிருந்து குடம் தூக்கித் தூக்கி என் மனைவிக்கு இடுப்பே விட்டுப்போச்சு. "இன்னிக்கு ஒரு வழி பண்ணாம வீட்டுக்கு வராதீங்க" என்று அனுப்பிவைத்தாள்.

எங்கள் தெருவைக் கவனிக்கும் குழாய் ரிப்பேர்காரர் மேசையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, எங்க வீட்டுக் குழாய்..."

"அதைத்தான் எழுதிட்டிருக்கேன். 'இன்று மூலை வீட்டுக் குழாயைச் சரிசெய்தேன்.' இங்கிலீஷ்ல."

"சரிசெய்யலையே?"

"சரிசெய்யலைன்னு எழுதிப் பார்த்தேங்க. பக்கம் பூரா சிவப்பு. அதிகாரிதான் இப்படித் திருத்திக் கொடுத்தார். அதிலேருந்து தினமும் இதையே எழுதறேன், ஒரு தப்பு வரலை."

"ஒரு தடவை வந்துதான் பாருங்களேன்."

"எழுதவே பொழுது போயிடுதே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே அதிகாரி அறைக்குள் போய், நானே ஆங்கிலத்தில் எழுதிய மனுவை நீட்டினேன். படிக்கப் படிக்க அவர் முகம் வாடியது. நம் கஷ்டத்துக்கு இவ்வளவு வருந்துகிறாரே என்று நெகிழ்ந்துபோனேன். அவர் சிவப்புப் பேனாவை எடுத்தார்.

"இவ்வளவு தப்போட கேட்டா தண்ணி எப்படிங்க வரும்? நீங்களும் தினமும் டைரி எழுதிக் கொண்டாங்க. தப்பில்லாம எழுதற அன்னிக்கு மனுவை ஏத்துக்கறேன்."

எழுதினேன். குழாய் காய்ந்து கிடந்தது என்று எழுதினால், சோர்வு தரும் வாக்கியம் என்று அடித்தார். மனைவி திட்டினாள் என்றால், நாகரிகமில்லை என்று அடித்தார். கடைசியில், 'குழாயில் தண்ணீர் கொட்டியது, மனைவி மகிழ்ந்தாள்' என்று எழுதிக்கொண்டு போனேன். 'வெரி குட்' போட்டார். மனுவை ஏற்றுக்கொண்டு, அப்போதே முடித்தும் வைத்தார். குறை தீர்ந்ததற்கு என் கையெழுத்திலேயே அத்தாட்சி இருக்கிறதே!

கோபம் வந்திருக்க வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பெருமையாக இருந்தது. டைரியைத் தெருவெல்லாம் காட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். மனைவி குடத்தை இறக்காமலே பார்த்தாள்.

"இதை வச்சுக் குடிக்கவா முடியும்?"

மறுநாள் காலையில் தெருவே எங்கள் வாசலில் நின்றது. எல்லோருமாகப் போய் அலுவலகத்தை ஒரு கை பார்க்கலாம் என்று கூப்பிட வந்திருக்கிறார்கள் என நினைத்தேன். ஆளாளுக்குக் கையில் டைரி.

"உங்களுக்கு வெரி குட்டாமே சார். எங்களுக்கும் சொல்லிக் கொடுங்களேன்."

நான் வாய் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். "தாராளமா வாங்க. ஃபீஸ் ஆளுக்கு ஒரு குடம் தண்ணி."

இப்போது எங்கள் வீட்டில் அண்டா நிறைந்து வழிகிறது. அவள் இடுப்பும் தேறிவிட்டது. போன வாரம் ரிப்பேர்காரர் மனசு கேட்காமல், தெருக் குழாய்களைச் சரிசெய்ய ஸ்பேனரோடு வந்து நின்றார்.

"இப்ப என்னங்க அவசரம்?" என்றேன் நான். "போய் டைரி எழுதுங்க."