மூன்றாவது ‘வேண்டாம்’

கம்ப்யூட்டருக்கு உபசாரம் பண்ணக் கற்றுக்கொடுத்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் ஜெர்மனியில், வுப்பர்டாலில் இருக்கிறார். பெயர் ஏதோ நீளமாக உண்டு. எங்களுக்கு அவர் ‘இன்னுங்கொஞ்சம் அண்ணை’. கையில் கரண்டியோடு குனிந்து, “இன்னுங் கொஞ்சம்?” என்று அவர் கேட்காத ஆளே அந்த ஊரில் கிடையாது. மின்சார மீட்டர் பார்க்க வந்த ஜெர்மன்காரர் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் சாப்பிட்டுவிட்டு, மீட்டரைப் பார்க்காமலே ஏப்பத்தோடு போன வீடு அது.

நான் கரூர்க்காரன். வுப்பர்டாலில் வேலை பார்த்த கம்பெனியை இழுத்து மூடியதும், வேலைவாய்ப்பு அலுவலகம் என்னைப் புரோகிராமிங் ஆரம்ப வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைத்தது. பக்கத்து நாற்காலியில் அண்ணை. யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, உணவகச் சமையலறையிலேயே காலம் தள்ளியவர். முதுகு போய்விட்டது. இனிமேல் பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

“இந்தச் சோதினை பாஸ் பண்ணாட்டில் திரும்பவும் கிடாரம்தான் தம்பி. தூக்க ஏலாது” என்றார் முதல் நாளே, பெரிய அண்டா தூக்குவதுபோல் கையை விரித்துக் காட்டி. சொல்லிவிட்டு டிபன் டப்பாவைத் திறந்து, “ஒரு கட்லட் எடுங்கோ” என்றார்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, லூப் வரும்வரை. ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தால் லூப். எப்போது நிறுத்துவது என்று நடுவில் ஒரு கேள்வி கேட்டு முடிவெடுத்தால் இஃப். இரண்டையும் சேர்த்து ஆசிரியை ஒரு பயிற்சி கொடுத்தார். விருந்தாளிக்கு சூப் ஊற்ற வேண்டும். ‘இன்னும் வேண்டுமா?’ என்று கேட்க வேண்டும். ‘ஆம்’ என்றால் ஊற்றிவிட்டு மறுபடி கேட்க வேண்டும், ‘இல்லை’ என்றால் நிறுத்த வேண்டும்.

அண்ணையின் புரோகிராமை ஓடவிட்டு ஆசிரியை ‘நைன்’, அதாவது ஜெர்மனில் ‘இல்லை’ என்று தட்டினார். திரையில், ‘சும்மா சொல்லாதீர்கள்’ என்று ஜெர்மனில் வந்தது. திகைத்துப்போய் மறுபடி ‘நைன்’ தட்டினார். ‘அரைக் கரண்டியாவது?’ என்றது. மூன்றாவது ‘நைன்’னுக்குத்தான் கும்பிடு போட்டுவிட்டு நின்றது.

“முதல் தடவையே வேண்டாம் என்றேனே?” என்றார் அந்த அம்மாள் பாவமாக.

இடைவேளையில் அண்ணை என்னிடம் பொங்கினார். “முதலாவது வேண்டாம் வெக்கம். ரெண்டாவது மரியாதை. மூண்டாவதுதான் வயிறு. இது தெரியாமல் என்ன புரோகிராம் எழுதுறது?”

அதற்குப் பிறகு எந்தப் பயிற்சி வந்தாலும் இதே கதைதான். டிக்கெட் மெஷின் எழுதச் சொன்னால், ‘ரத்து’ என்று அழுத்தினவனை விடாமல் கெஞ்சியது. விளக்கு அணைக்கும் புரோகிராம், ‘நிச்சயமாகவா?’ என்று இழுத்தது. ஒரே ஒரு தடவைதான் முழு மதிப்பெண் வாங்கினார். கடவுச்சொல்லைத் தப்பாகப் போட்டால் மூன்று வாய்ப்பு கொடுக்க வேண்டும் என்ற பயிற்சி அது. “பாத்தீங்களோ, பாங்க்காரனும் எங்கட ஆள்தான்!” என்று வகுப்பு முழுவதற்கும் கட்லட் கொடுத்தார்.

பரீட்சை நெருங்கியது. முதல் ‘இல்லை’யிலேயே நிறுத்தாவிட்டால் தேற முடியாது என்று ஆசிரியை கறாராகச் சொல்லிவிட்டார். அண்ணை பயந்துபோனார். பழக்கம் வரட்டும் என்று வீட்டிலும் ஒத்திகை பார்க்கத் தொடங்கினார். விஷயம் தெரியாமல் நான் அந்த வாரம் அவர் வீட்டில் சாப்பிட உட்கார்ந்து, வழக்கம்போல், “போதும்ணே, ஃபுல்லாயிடுச்சு” என்றேன். கரண்டி போயே போய்விட்டது. அப்போதுதான் எனக்கு நிஜமாகப் பசித்தது.

“சோதினை முடியுமட்டும் பொறுங்கோ தம்பி” என்றார் அண்ணை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆசிரியையை விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார். நானும் போயிருந்தேன். அந்த அம்மாள் கையாலேயே பிசைந்து, ரசித்துச் சாப்பிட்டார். அண்ணை கரண்டியோடு குனிந்தார். “இன்னுங் கொஞ்சம்?” ஆசிரியை சிரித்துக்கொண்டே, “நைன், டாங்கே” என்று நன்றியோடு மறுத்தார்.

அண்ணை சட்டியை மூடினார். நெற்றியில் வியர்வை. ஆசிரியை சட்டியைப் பார்த்தார். அண்ணையைப் பார்த்தார். மறுபடியும் சட்டியைப் பார்த்தார்.

அடுப்படியிலிருந்து அண்ணையின் மனைவி, எங்கள் அக்காவின் குரல் வந்தது. “இஞ்சேருங்கோ, ரீச்சர் சட்டியையே பாத்துக்கொண்டிருக்கிறா!”

“அண்ணே, அவங்க உங்க ரூலைப் படிச்சுட்டு வந்திருக்காங்க!” என்று நான் காதைக் கடித்தேன்.

ஆசிரியை மெல்ல வாயைத் திறந்தார். “நீங்கள் இன்னும் இரண்டு தடவை கேட்க வேண்டுமே?”

அண்ணை சட்டியோடு பாய்ந்த வேகத்தைப் பார்த்து, முதுகுவலிக்காரர் என்று எந்த டாக்டரும் சான்றிதழ் தந்திருக்கமாட்டார். குழம்பு மேசையெல்லாம் தெறித்தது. கிளம்பும்போது அந்த அம்மாள் வாசலில் நின்று, “இந்த வீட்டில் மூன்று. பரீட்சையில் ஒன்று. எங்கே இருக்கிறோம் என்று பார்த்து முடிவெடுங்கள்” என்றார்.

“அதுவும் ஒரு இஃப்தானே!” என்று அண்ணை தலையில் அடித்துக்கொண்டார்.

பாஸாகிவிட்டார். இப்போது ஒரு கிடங்கில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கிறார். கிடாரம் தூக்குவதில்லை, விருந்துக்குத் தவிர. எனக்கு ஸ்டுட்கார்ட்டில் வேலை கிடைத்தது. நல்ல சம்பளம், நல்ல கான்டீன். இங்கே ‘வேண்டாம்’ என்று சொன்ன நிமிஷமே தட்டை எடுத்துவிடுகிறார்கள். யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் எடுத்துப் போகும் தட்டைப் பார்க்கும்போதெல்லாம் அந்த வீட்டு நினைப்பு வந்துவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும்.

“தம்பி, இண்டைக்குச் சாப்பிட வாறீங்களோ?” வுப்பர்டால் ஏதோ அடுத்த தெருவில் இருப்பதுபோல.

“வேண்டாம்ணே, வேலை இருக்கு.”

“சும்மா சொல்லாதேங்கோ.”

“வேண்டாம்ணே, டிரெயின் எல்லாம் லேட்டு.”

“ஒரு நேரச் சாப்பாட்டுக்காவது வாங்கோவன்.”

“பாக்கலாம்ணே” என்று சொல்லி போனை வைத்துவிடுவேன். மூன்றாவது ‘வேண்டாம்’ மட்டும் இதுவரை என் வாயிலிருந்து வந்ததில்லை. வந்தால், அவர் கேட்பதை நிறுத்திவிடுவார்.