பேத்திக்குத் தவிடு போட்ட கதை

என் பேத்திக்கு நான் மூன்று மாதம் மாட்டுத் தீவனம் போட்டிருக்கிறேன். விவரம் தெரியாதவன் செய்த காரியம் என்று நினைத்துவிடாதீர்கள். நான் வேதியியலில் எம்.எஸ்சி. ஓசூரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில், முலாம் பூசும் பிரிவில் முப்பது வருடம் தரம் பார்த்து ஓய்வு பெற்றவன். (படித்தவன் தப்புச் செய்தால் கூடவே ஓர் அட்டவணையும் இருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.)

கீர்த்தனா அப்போது ஒன்பதாம் வகுப்பு. மகனுக்குப் பெங்களூரில் வேலை, மருமகள் சுமதிக்கு இங்கே கம்பெனியில் ஷிப்ட். வீட்டில் சும்மா இருந்தவன் நான்தான். பரோட்டாவும் நூடுல்ஸுமாக இருந்த பெண்ணுக்கு வயிறு சரியாகப் போகவில்லை. கிளினிக்கில் டாக்டரம்மா, "நார்ச்சத்து கொஞ்சம் சேத்துக்கோங்க" என்றார். நார்ச்சத்தை வீட்டுக்கு எடுத்துவந்தேன். 'கொஞ்சம்' என்பதைக் கிளினிக்கிலேயே விட்டுவிட்டேன்.

கீரை, பழம் என்று தொடங்கியதில் ஒரே வாரத்தில் வயிறு சரியாகிவிட்டது. நியாயமாக அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் பலன் கண்ட விஞ்ஞானி நிறுத்துவானா? நார்ச்சத்து அதிகம் எதில் என்று தேடினேன். கோதுமைத் தவிடு என்று தெரிந்தது. தெருமுனையில் ரத்தினம்மாவின் மாவு மில்லில் அது மூட்டை மூட்டையாக இருந்தது. மாடு வைத்திருப்பவர்கள் வாங்கிப்போவார்கள்.

"மாட்டுக்கா சார்?" என்று கேட்டார் ரத்தினம்மா.

பேத்திக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டேன். அந்த ஒரு தலையாட்டலுக்கு இன்றுவரை பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

காலையில் தவிட்டுக் கஞ்சி. மதியம் டிபன் பாக்ஸில் தவிடு கலந்த சப்பாத்தி (கூரையில் ஓட்டுக்குப் பதிலாகப் போட்டால் மழை ஒழுகாது). மாலையில் தவிட்டு உருண்டை. உள்ளே போவது, வெளியே போவது இரண்டையும் எழுத ஓர் அட்டவணை போட்டுக் குளியலறைக் கதவில் ஒட்டினேன். சுமதி அதைக் கிழித்தாள். மறுநாள் லேமினேட் செய்து ஒட்டினேன்.

வாரா வாரம் மில்லுக்குப் போவேன். "சுத்தமா, தூசி இல்லாததா பாத்துக் குடும்மா" என்பேன். மாட்டின் மேல் இவ்வளவு பாசமா என்று ரத்தினம்மா உருகிவிடுவார்.

"நல்லா தின்னுதா சார்?"

"மூஞ்சியத் திருப்பிக்குது."

"பெரிய மாடா, சின்னதா?"

"இளசுதான். வளர்ற வயசு."

"சுறுசுறுப்பா இருக்குதா?"

"எங்கம்மா! படுத்தே கெடக்குது."

"அய்யோ தேவுடா! வளர்ற உசுருக்கு வெறும் தவிட்டக் கொட்டினா வயிறு ரொம்பும், ஒடம்புல ஒட்டாது சார். பச்சைப் புல்லு போடுங்க. டாக்டர்கிட்ட காட்டுங்க."

விஷயம் தெரியாதவர் ஏதோ பேசுகிறார் என்ற புன்னகையோடு கேட்டுக்கொண்டேன். ஆனால் பாருங்கள், நான் சொன்ன பதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. எல்லாம் கீர்த்தனாவைப் பற்றியதுதான்.

அவள் ஓட்டக்காரி. எண்ணூறு மீட்டரில் அவள் பள்ளியில் அவளுக்குப் பக்கத்தில் யாரும் வரமுடியாது. மாவட்ட அணிக்குத் தேர்வாக வேண்டும் என்பது மட்டும்தான் அந்த வருடம் அவளுக்கு நினைப்பு. ஆனால் தவிடு ஏற ஏற வேகம் இறங்கியது. மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. முகம் வெளுத்தது. சுமதி கவலைப்பட்டு இரும்புச்சத்து மாத்திரை வாங்கிவந்தாள். அதையும் நான் கஞ்சியோடு விழுங்கவைத்து, மேலே ஒரு டம்ளர் டீயும் கொடுத்தேன். மாத்திரை உள்ளே போனது. அதற்குமேல் எங்கும் போகவில்லை.

எனக்கு நோய் தெரிந்துவிட்டது: சோம்பேறித்தனம். போனைப் பிடுங்கி வைத்தேன்.

கிருஷ்ணகிரியில் தேர்வு ஓட்டம். மைதானத்தின் முதல் சுற்றில் மூன்றாவதாக ஓடினாள். இரண்டாவது சுற்றில், யாரோ பின்னாலிருந்து இழுப்பது போல, ஒவ்வொருத்தியாக அவளைத் தாண்டிப் போனார்கள். கடைசியாக வந்து, கோட்டைத் தாண்டி உட்கார்ந்துவிட்டாள்.

ஓசூர் பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து நான் சொன்னது இது: "உனக்கு மனசு இல்லம்மா. மனசு இருந்தா கால் ஓடும்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சூளகிரி தாண்டும்வரை திரும்பவில்லை. இந்தக் கதையில் நான் சிரித்துக்கொண்டு சொல்லமுடியாத இடம் இது ஒன்றுதான்.

மறுநாள் சுமதி லீவு போட்டு அவளைக் கிளினிக்குக்கு அழைத்துப்போனாள். என் அட்டவணையோடு நானும் போனேன். ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்து டாக்டரம்மாவின் முகம் மாறியது. ரத்தத்தில் இரும்பு மிகவும் குறைவு. "என்ன சாப்பிடுறா?"

நான் பெருமையோடு அட்டவணையை நீட்டினேன். அவர் இரண்டு முறை படித்தார்.

"சார், நார்ச்சத்து நல்லதுதான். வேணும்தான். ஆனா இவ்ளோ தவிடா? தவிட்டுல ஒரு அமிலம் இருக்கு. இரும்பு, துத்தநாகம், சுண்ணாம்புச்சத்து எல்லாத்தையும் பிடிச்சு வச்சுக்கும், உடம்புல சேரவிடாது. டீயும் அதே வேலையத்தான் செய்யும். நீங்க மாத்திரையையே அதுங்களோட குடுத்திருக்கீங்க. வயிறு ரொம்பிட்டதால வேற சாப்பாடும் இறங்கியிருக்காது."

முலாம் பூசும் தொட்டியில் கலந்துவிட்ட இரும்பைப் பிடித்துக் கட்டிவைக்க, இதே குணமுள்ள ரசாயனத்தை முப்பது வருடம் நான்தான் அளந்து ஊற்றினேன். தொட்டிக்குச் செய்ததையே பேத்திக்கும் செய்திருக்கிறேன்.

"வளர்ற வயசு. மாசாமாசம் ரத்தமும் போகுது. இரும்பு எவ்ளோ வேணும், யோசிங்க" என்றார்.

வீட்டில் அந்தப் பேச்சு வந்தால் தண்ணீர் குடிக்க எழுந்துபோகிறவன் நான். உள்ளே போவது, வெளியே போவது எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டவன், அதற்கு மட்டும் போடவில்லை. அன்று எழுந்துபோகவில்லை. உட்கார்ந்து கேட்டேன்.

கூனிக் குறுகி வீட்டுக்கு வந்தால், எங்கள் அடுக்குமாடி வாசலில் கூட்டம். நடுவில் தலையில் ஒரு பெரிய கட்டுப் பசும்புல்லோடு ரத்தினம்மா. எதிரில் வாட்ச்மேன், "இங்க மாடெல்லாம் யாரும் வளக்கறதில்லம்மா" என்று மன்றாடிக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் ரத்தினம்மாவுக்கு உயிர் வந்தது. "சார்! மனசு கேக்கல. எங்க நெலத்துல அறுத்த புல்லு. மாடு எங்க?"

"ரெண்டாவது மாடிதான் இவர் வீடு" என்றார் வாட்ச்மேன், என்னைச் சந்தேகமாகப் பார்த்து.

"ரெண்டாவது மாடியா? மாட்ட எப்படி சார் ஏத்துனீங்க?"

சுமதி என்னைப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்தார்கள். நான் புல்லைப் பார்த்தேன்.

அப்போது கீர்த்தனா மெதுவாக முன்னால் வந்து, வகுப்பில் பேர் கூப்பிட்டதுபோலக் கையைத் தூக்கினாள். "நான்தான்க்கா அந்த மாடு."

ரத்தினம்மா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், புல்லைக் கீழே போட்டார். முதலில் அவளைக் கட்டிக்கொண்டார். பிறகு தெலுங்கில் என்னைத் திட்டினார். எனக்குத் தெலுங்கு நன்றாகத் தெரியும் என்பது அன்று ஒரு தண்டனை. நடுவில் சுமதி சிரித்துவிட்டாள். அப்புறம் கீர்த்தனா. மூன்று மாதத்தில் அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

எல்லோரும் போனபிறகு, "மனசு இல்லன்னு சொன்னது தப்பும்மா" என்றேன்.

"தவிட மன்னிச்சிட்டேன் தாத்தா. அத மட்டும் கொஞ்ச நாள் கழிச்சு மன்னிக்கிறேன்" என்றாள்.

அட்டவணை குப்பைக்குப் போனது. தவிட்டுக்குப் பதில் முளைகட்டிய கேழ்வரகு, கீரை, முட்டை. மாத்திரை தனியாக, கூட எலுமிச்சைச் சாறு. டீ பக்கத்தில்கூட வரக்கூடாது. முகத்தில் ரத்தம் மெதுவாகத்தான் ஏறியது. அடுத்த வருடம் அதே கிருஷ்ணகிரி மைதானத்தில் இரண்டாவதாக வந்து மாவட்ட அணியில் சேர்ந்தாள். திரும்பிவரும் பஸ்ஸில், சூளகிரி வந்ததும் என் தோளில் இடித்து, "மன்னிச்சாச்சு" என்றாள். இந்த முறை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டவன் நான்.

இப்போது அவள் கல்லூரியில், கல்லூரி அணியில். வீட்டுக்கு வரும் விருந்தாளிக்கெல்லாம் சுமதி என்னை, "மாமா மாடியில மாடு வளர்த்தவர்" என்றுதான் அறிமுகம் செய்வாள்.

கேழ்வரகு அரைக்க நான் இன்னும் அதே மில்லுக்குத்தான் போகிறேன். ரத்தினம்மா எத்தனை பேர் நின்றாலும் குரலை உயர்த்திக் கேட்பார். "இன்னா சார், மாடு எப்படி இருக்குது?"

"ஓடுதும்மா" என்பேன்.