அல்ஸ்டனின் பாறை

"ஒண்ணுகூட இல்லக்கா" என்றான் படகில் வேலை பார்க்கும் தெல்பர்ட், தண்ணீரிலிருந்து தலையை நீட்டி.

"நல்லாப் பாத்தியா?"

"பாறைக்கு அடியில பாத்தேன், பின்னாடி பாத்தேன், பொந்துக்குள்ள கைய விட்டும் பாத்தேன். சிங்கமீன் இல்ல. நண்டு ஒண்ணு இருந்துச்சு. அதுகிட்டயும் கேட்டுட்டேன்."

"மறுபடியும் இறங்கு" என்றாள் வெர்லீன்.

வியாழக்கிழமை மினசோட்டாவிலிருந்து விருந்தாளிகள் வருகிறார்கள். ஓய்வுபெற்ற பல் டாக்டர்களும் பள்ளி ஆசிரியைகளும் சேர்ந்த ஒரு சங்கம். சொந்த ஊரில் கொசுவை அடிக்கக்கூட யோசிக்கிறவர்கள். ஆனால் வருடம் ஒரு வாரம் கர்லூ தீவுக்கு வந்து, ரப்பர் உடுப்பை மாட்டிக்கொண்டு, பவளப்பாறையைக் காப்பாற்றுவதற்காக ஈட்டியும் கையுமாகக் கடலில் குதிப்பார்கள். அந்த ஒரு வாரம்தான் வெர்லீனின் படகை மீதி வருடத்துக்கு மிதக்க வைத்தது.

சிங்கமீன் இந்தக் கடலைச் சேர்ந்ததல்ல. எங்கிருந்தோ வந்து, பாறையிலிருந்த குஞ்சுமீன்களையெல்லாம் தின்று தீர்த்தது. அதிகாரிகள் வந்து 'பிடியுங்கள், தின்னுங்கள்' என்று சுவரொட்டி ஒட்டினார்கள். அரசாங்கம் சொன்ன ஒன்றைக் கர்லூ தீவு கேட்டு நடந்தது சரித்திரத்தில் அந்த ஒரு தடவைதான். வறுத்தார்கள், தேங்காய்ப்பாலில் கொதிக்க விட்டார்கள், கல்யாணத்துக்குப் போட்டார்கள். இப்போது பாறை சுத்தமாகிவிட்டது. கடலுக்கு நல்லதுதான். வெர்லீனைத்தான் யாரும் யோசிக்கவில்லை.

அவள் கணவன் அல்ஸ்டன் இருந்தவரை இந்தப் பிரச்சினை இல்லை. அவள் கரையில் சமையலைப் பார்த்துக்கொள்வாள், அவர் விருந்தாளிகளை, ஊரே 'அல்ஸ்டனின் பாறை' என்று சொல்லும் இந்த இடத்துக்குக் கூட்டிப்போவார். எந்த வருடமும் மீனுக்குத் தட்டுப்பாடு வந்ததில்லை. "எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?" என்று கேட்டால் மூக்கைத் தொட்டுக் காட்டுவார். நாற்பது வருடம் கடலுக்குள் இறங்கி ஏறிய மனிதர், போன மழைக்காலத்தில் சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்திருக்கும்போது செத்துப்போனார். கடலுக்கே அது கொஞ்சம் அவமானமாக இருந்திருக்கும்.

அடக்கத்தன்று வைத்த மலர்வளையம் வாடுவதற்குள் அவர் தம்பி எக்பர்ட் வந்து நின்றான்.

"அண்ணி, படகை எங்கிட்ட குடுத்துடுங்க. சிமெண்ட் மூட்டை ஏத்தலாம்."

"மினசோட்டாக்காரங்க வருவாங்க."

"வந்து? அண்ணன் மூக்கு எங்க இருக்கு இப்போ?"

அந்தக் கேள்வி அவளைச் சுட்டது. "இந்த வருஷம் அவங்க மீன் குத்தி, அடுத்த வருஷத்துக்கும் சொல்லிட்டுப் போகலன்னா, படகு உனக்கு" என்று சொல்லிவிட்டாள். எக்பர்ட் அன்றே சிமெண்ட் கடைக்காரரோடு பேசத் தொடங்கினான்.

தெல்பர்ட் இரண்டாம் முறை மேலே வந்தான். "அந்த நண்டும் போயிடுச்சுக்கா."

வேறு இடத்தில் ஒன்றிரண்டு இருக்கத்தான் செய்யும், ஊர்க்காரர்கள் கை வைக்காமல் இருந்தால் போதும் என்று வெர்லீனுக்குத் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பாஸ்டரை விட்டு அறிவிக்கச் சொன்னாள்: வியாழக்கிழமை வரை தெற்குப் பாறைப் பக்கம் யாரும் சிங்கமீன் பிடிக்க வேண்டாம்.

பாஸ்டர் நல்ல குரல் உள்ளவர். சபை முழுக்கத் தெளிவாகக் கேட்டது. தெற்குப் பாறையில் சிங்கமீன் இருக்கிறது என்ற அளவுக்குக் கேட்டது. திங்கட்கிழமை காலை அங்கே திருவிழாக் கூட்டம். பாஸ்டரின் படகும் இருந்தது.

"கிடைச்சது ரெண்டேதான்" என்று அவர் வருத்தப்பட்டார். "நீ பெருசா சொன்னியேம்மா!"

வேறு வழியின்றி எக்பர்ட்டிடமே போனாள். ஆழ்கடலில் அவன் போடும் கல்இறால் கூண்டுகளில் சிங்கமீன் தானாக வந்து மாட்டும்.

"உயிரோட வேணும், எக்பர்ட்."

"உயிரோட எதுக்கு?"

"சும்மா... பாக்கத்தான்."

"அண்ணன் போனதுலேர்ந்து உங்களுக்கு மனசு சரியில்லன்னு ஊர்ல பேசிக்கிறாங்க. நான் நம்பல" என்று சொல்லி ஒரு தொட்டி நிறையக் கொடுத்தான். நம்பத் தொடங்கிவிட்டான் என்பது முகத்தில் தெரிந்தது.

ஊரே ஒழித்துக்கட்டிய விரோதியை, தொட்டியில் தண்ணீர் மாற்றி மாற்றித் தாலாட்டிக்கொண்டு போய், செவ்வாய்க்கிழமை வெர்லீனும் தெல்பர்ட்டும் அல்ஸ்டனின் பாறையில் குடிவைத்தார்கள். ஒரு விஷயம் மட்டும் இருவருக்கும் நினைவில்லை. குத்திய சிங்கமீனை அங்கேயே சுறாக்களுக்கு நீட்டுவது தீவின் பழக்கம். பாவம், அவையும் தின்னக் கற்றுக்கொள்ளட்டும் என்று ஆரம்பித்தது. நன்றாகவே கற்றுக்கொண்டன. படகின் இயந்திரச் சத்தம் நின்றால் போதும், பந்தியில் இலை போட்ட மாதிரி வரிசையாக வந்துவிடும்.

தெல்பர்ட் காலி வாளியோடு மேலே வந்தான்.

"தின்னுடுச்சா?"

"மொத்தமும். கடைசியா ஒரு சுறா என்னை ஏறஇறங்கப் பாத்துச்சுக்கா. 'இவ்வளவுதானா?'ன்னு."

புதன்கிழமை சாயங்காலம் வெர்லீன் சமையலறை ஃப்ரீசரைத் திறந்துகொண்டு வெகுநேரம் நின்றாள். விருந்தாளிகளின் கடைசி நாள் விருந்துக்காக எப்போதோ வாங்கி வைத்த சிங்கமீன்கள் அதில் கல்லாகக் கிடந்தன. முள்ளோடு, செதிலோடு, முழுசு முழுசாக.

"வேணாம்க்கா" என்றான் தெல்பர்ட்.

"நான் ஒண்ணும் சொல்லலியே."

"உங்க முகம் சொல்லுது."

"தூண்டில் நரம்பால கல்லுல கட்டணும். பாறை இடுக்குல வெக்கணும். அவ்வளவுதான்."

"தலைகீழா மிதந்தா?"

"சிங்கமீன் தலைகீழாவும்தான் நிக்கும்."

"அண்ணன் இருந்தா இதுக்கு ஒத்துக்குவாரா?"

வெர்லீன் சுவரில் மாட்டியிருந்த அல்ஸ்டனின் படத்தைப் பார்க்காமல் ஃப்ரீசரை மூடினாள். ஒரு பொய்யும் இல்லாமல் அந்த மனிதர் சம்பாதித்த பெயரை, உறைந்த மீனைக் கட்டிவைத்துக் காப்பாற்றப் போகிறாள்.

முன்கூட்டியே கட்டினால் சுறா தின்றுவிடும். ஆகவே வியாழக்கிழமை, விருந்தாளிகள் இறங்குவதற்குச் சற்று முன்புதான் கட்ட வேண்டும் என்று முடிவாயிற்று. தெல்பர்ட் ஐஸ் பெட்டியோடு தோணியில் சத்தமில்லாமல் துடுப்புப் போட்டுக்கொண்டு முன்னால் போனான். துறையில் வெர்லீன் பாதுகாப்பு அறிவுரையை ஆரம்பித்தாள்.

"சிங்கமீன் முள்ளுல விஷம் இருக்கு. குத்தினா வெந்நீர்ல கைய வெக்கணும்."

"தெரியும், வெர்லீன்" என்றார் பல் டாக்டர் ஆஸ்ட்பி. "வருஷா வருஷம் வர்றோமே."

"வெந்நீர்னா, கை பொறுக்குற சூடு. பொறுக்கலன்னா பச்சைத் தண்ணி கலக்கணும். பச்சைத் தண்ணி அதிகமானா மறுபடியும் வெந்நீர்..."

தூரத்தில் தெல்பர்ட் துடுப்பை உயர்த்திக் காட்டும்வரை வெந்நீர் ஆறிக்கொண்டும் கொதித்துக்கொண்டும் இருந்தது.

படகு பாறைக்கு வந்ததும் எல்லோரும் தண்ணீரில் இறங்கினார்கள். வெர்லீன் படகில் உட்கார்ந்து நீர்க்குமிழிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் படித்த ஜெபங்களெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன. உறைந்த மீனுக்காக எந்த ஜெபத்தைச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

முதலில் டாக்டர் ஆஸ்ட்பி மேலே வந்தார். அவர் ஈட்டியின் முனை வளைந்திருந்தது.

"ரொம்ப வயசான மீன் போல" என்றார். "என் தொழில்ல இப்படி ஒரு கெட்டியை நான் தொட்டதே இல்ல."

ஒவ்வொருவராக ஏறினார்கள். எல்லோரிடமும் மீன் இருந்தது. யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. ஒரு ஆசிரியை தன் மீனை இரண்டு கைகளிலும் மாற்றி மாற்றிப் பிடித்து, விரல்களை ஊதிக்கொண்டார். எக்பர்ட் துறையிலிருந்தே சிமெண்ட் மூட்டைக்கு இடம் அளப்பவனைப் போலப் படகைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

சங்கத் தலைவி திருமதி லிண்ட்க்விஸ்ட் கடைசியாக ஏறினார். எழுபது தாண்டியவர், அதிகம் பேசாதவர். ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டு வெர்லீனின் அருகில் உட்கார்ந்தார்.

"அடுத்த வருஷமும் இதே வாரம் வெச்சுக்கலாமா, கண்ணு?"

வெர்லீன் துறைப் பக்கம் பார்த்தாள். எக்பர்ட் அங்கேதான் நிற்கிறான். 'சரி' என்று ஒரு வார்த்தை சொன்னால் படகு மிஞ்சும். சொல்ல முடியவில்லை.

"வேணாம்மா. என்னால முடியல. அந்த மீனெல்லாம் நான் கட்டி வெச்சது. பாறையில மீனே இல்ல. அவர் இருந்தப்போ உங்களுக்குக் கிடைச்சது நிஜமான மீன். அவர் பேரைக் கெடுத்துட்டேன்."

திருமதி லிண்ட்க்விஸ்ட் சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"அல்ஸ்டனும் வருஷா வருஷம் கட்டித்தான் வெப்பாரு, கண்ணு. ஆனா அவர் முந்தின நாளே ஃப்ரீசர்லேர்ந்து வெளிய எடுத்து உருக வெச்சுடுவாரு."